ஒரே ஒரு புட்டருடன் டிஸ்க் கோல்ஃப் பழகுகிறேன்

டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தில் பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. டிஸ்க் எனப்படும் தட்டையான வட்டத் தட்டைக் கையால் எறிந்து, அது விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் எத்தனை குறைந்த எறிகளில் சேர்க்கிறோம் என்பதுதான் கணக்கு. 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் திடலை அமைத்த எட் ஹெட்ரிக், தொடக்கத்தில் வெறும் கம்பங்களையே இலக்காக நட்டிருந்தார். சங்கிலிக் கூடை பிறகு அவர் கண்டுபிடித்தது. வேகமாக வரும் டிஸ்க்கைச் சங்கிலிகள் தடுத்துத் தளர்த்திக் கூடையில் விழச் செய்வதை அருகில் நின்று பார்த்தபோதுதான் இந்த ஆட்டம் என்னை முழுதாகப் பிடித்துக்கொண்டது. அந்தக் கூடை என் அலுவலக நண்பருடையது. அமெரிக்காவில் படித்த காலத்தில் பழகிய ஆட்டத்தை விட மனமில்லாமல், மடக்கி எடுத்துச் செல்லக்கூடிய கூடை ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்.

டிஸ்க்குகள் எல்லாம் ஒரே வார்ப்பு அல்ல. விளிம்பு மழுங்கியும் தடித்தும் இருந்தால் அருகிலிருந்து கூடையில் சேர்க்கும் புட்டர், விளிம்பு அகன்று கூர்மையாக இருந்தால் நெடுந்தொலைவு எறியும் டிரைவர், இடைப்பட்டது மிட்ரேஞ்ச். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் வேகம், மிதப்பு, தொடக்கத் திருப்பம், இறுதிச் சாய்வு என நான்கு எண்கள் உண்டு. இன்னோவா நிறுவனத்தின் ஏவியர் என்னும் புட்டருக்கு அவை 2, 3, 0, 1. அதே நிறுவனத்தின் டிஸ்ட்ராயர் என்னும் டிரைவருக்கு 12, 5, -1, 3. பன்னிரண்டு என்ற எண்ணைக் கண்டதும் அதைத்தான் வாங்கத் தோன்றும். ஆனால், அந்த வேகத்துக்கு எறியும் வலு கைக்கு வராதவரை டிரைவர் தன் இயல்பான பாதையில் பறப்பதே இல்லை. எப்படி எறிந்தாலும் சீக்கிரமே ஒரு பக்கமாகச் சரிந்து தரையைத் தொட்டுவிடும், கையில் என்ன பிழை என்பதும் தெரியாது. புட்டரோ மெதுவான எறிக்கும் நேராகப் போகும் என்பதால், அது கோணலாகப் போனால் காரணம் நம் கையில்தான் என்று உடனே தெரிந்துவிடும். சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் இருக்கும் புல்திடலின் அளவுக்கும் அதுவே பொருந்துகிறது. நடைப்பயிற்சிக்கு வருவோரும் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளும் அருகிலேயே இருக்கும் இடத்தில், குறுகிய தொலைவில் விழும் டிஸ்க்தான் பாதுகாப்பும்கூட.

பறக்கும் விதத்தைப் புரிந்துகொண்ட பிறகு பயிற்சியின் சுவை கூடியது. வலக்கையால் மார்புக்குக் குறுக்கே இழுத்து எறியும்போது டிஸ்க், மேலிருந்து பார்த்தால், கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. சுழலும் பம்பரத்தைப் போலவே, அந்தச் சுழற்சிதான் அதைக் கவிழாமல் நிறுத்தி வைக்கிறது. வேகம் குறையும்போது காற்றின் தூக்குவிசை டிஸ்க்கின் முன்பக்கத்தை உயர்த்தப் பார்க்கிறது. சுழலும் பொருள் அந்த உந்துதலுக்கு நேராக இணங்காமல் பக்கவாட்டில் சாய்கிறது. எனவே, ஒவ்வொரு எறியின் கடைசியிலும் காணும் இடப்பக்கச் சாய்வு குறையல்ல, டிஸ்க்கின் இயல்பு. கூடைக்குச் சற்று வலப்புறம் குறிவைத்தால் அந்தச் சாய்வே அதைக் கூடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

முதல் வாரங்களில் என் டிஸ்க் செங்குத்தாக மேலெழும்பி, நடுவானில் தயங்கி, பின்னோக்கிச் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. கையிலிருந்து விடுபடும் கணத்தில் முன்விளிம்பு சற்றே மேல்நோக்கி இருந்தால் காற்று அதன் அடிப்பக்கத்தில் மோதி வேகத்தைத் தின்றுவிடும். நண்பர் என்னைவிட வயதில் இளையவர். “அண்ணே, கையை வேகமா இழுக்காதீங்க, முதல்ல இடுப்பு திரும்பட்டும், கை தானா வரும்” என்றார். கட்டைவிரலை டிஸ்க்கின் மேற்பரப்பில் அழுத்தி, மற்ற நான்கு விரல்களின் நுனிகளையும் உள்விளிம்பில் பதித்து, மணிக்கட்டைச் சற்றே கீழ்நோக்கி வைத்து, மார்புக்குக் கீழே ஒரே உயரத்தில் இழுத்தபோது டிஸ்க் நடுக்கமின்றிப் பிரிந்து தாழப் பறந்து சென்றது. வலுவைப் பாதியாகக் குறைத்த எறிதான் அன்று மிக நீண்ட தொலைவு போனது. இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த உண்மையும் அதுதான். இப்போது நல்ல எறி 50 மீட்டரை ஒட்டி விழுகிறது.

கூடைக்கு அருகில் வந்துவிட்டால் வேறு கலை. 10 மீட்டர் வட்டத்துக்குள் எறிபவர், கையிலிருந்து டிஸ்க் விடுபட்ட பிறகு சமநிலையில் நிற்கிறார் என்று காட்டிய பின்னரே, டிஸ்க் கிடந்த இடத்தைத் தாண்டிக் காலை முன்னால் வைக்கலாம். இந்த விதி உடலை முன்னே சாயவிடாமல் பழக்கும் நல்ல ஆசான். ஐந்து மீட்டரில் பெரும்பாலான எறிகள் சங்கிலியில் சேர்கின்றன. எட்டு மீட்டரில் இன்னும் தாழ்ந்துபோய்க் கூடையின் வெளிவிளிம்பில் மோதுகின்றன. வலக்கால் மீது எடையை மாற்றும் நேரம் சற்றுத் தாமதமாவதே காரணம் என்று நண்பர் கருதுகிறார், எனக்கும் அது சரியெனவே தோன்றுகிறது.

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே இருட்டிவிடுவதால், வேலை முடிந்து வந்து பழகக் கிடைக்கும் நேரம் குறைவு. வியர்வையும் மழை ஈரமும் சேர்ந்தால் டிஸ்க் கையிலிருந்து முன்கூட்டியே நழுவும் என்பதால், இரண்டு சிறு துண்டுகளை இடுப்பில் செருகிக்கொள்கிறேன்: ஒன்று டிஸ்க்குக்கு, மற்றது கைக்கு. இடி கேட்டால் உடனே கூடையை மடக்கி புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போய்விடுகிறோம். மின்னல் மிகுந்த இந்த ஊரில், திறந்த திடலில் இரும்புக் கூடையருகே ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது.

அடுத்ததாக, வலக்கையின் உட்புறம் முன்னோக்கி வர எறியும் ஃபோர்ஹேண்ட் எறியைத் தொடங்கியிருக்கிறேன். அதில் டிஸ்க் எதிர்த்திசையில் சுழல்வதால் இறுதிச் சாய்வு வலப்பக்கம் நிகழ்கிறது. மரத்தை இருபுறமும் சுற்றிப் போக இரண்டும் வேண்டும். மணிக்கட்டு இன்னும் இறுக்கமாக இருக்கிறது, டிஸ்க் தள்ளாடிக்கொண்டே போகிறது. எட்டு மீட்டர் எறி கூடையில் ஒழுங்காகச் சேரத் தொடங்கியதும் ஒரு மிட்ரேஞ்ச் வாங்கலாம் என்றிருக்கிறேன்.