மாத்திரை வாங்க வராதவங்க எங்க போனாங்க?

எச்ஐவி இருக்கறவங்களுக்கு மருந்து குடுக்கற ஏஆர்டி சென்டர்ல கவுன்சிலரா இருக்கேன். மத்தியானம் கூட்டம் கொறஞ்சதும் டியூ லிஸ்ட்ட எடுத்து வச்சுட்டு, இன்னிக்கி மாத்திரை வாங்க வர வேண்டியவங்கள்ல யார் வரலன்னு பாத்து ஒவ்வொருத்தருக்கா போன் போடணும். ஒரு பொண்ணுக்கு போட்ட போன அவ மாமியார் எடுத்துட்டா என்ன பண்றது? நான் எங்கருந்து பேசறேன்னு வாய் தவறி ஒரு வார்த்தை வந்தாலும் அந்த பொண்ணு அந்த வீட்ல இருக்க முடியாது. அதனால ரெஜிஸ்டர் பண்ற அன்னிக்கே கேட்டு வச்சுக்குவேன், வேற யாராச்சும் எடுத்தா நான் யாருன்னு சொல்லட்டும்னு. ஒரு பொண்ணு "டெய்லர் கடைன்னு சொல்லுங்கக்கா, ஜாக்கெட் தச்சாச்சுன்னு சொன்னா எனக்கு புரிஞ்சிரும்"னுச்சு. இப்பவும் அந்த வீட்டுக்கு நான் டெய்லர் கடைதான்.

2004 ஏப்ரல் 1ல கவர்மென்ட் இலவசமா கூட்டு மருந்து குடுக்க ஆரம்பிச்சப்ப மொதல்ல தொடங்குன சென்டர்கள்ல நம்ம தாம்பரமும் ஒண்ணு. அதுக்கு முன்னாடி காசு இருந்தாதான் மருந்து. இப்ப முக்கால்வாசி பேருக்கு தினம் ஒரே மாத்திரை, மூணு மருந்து சேந்த டிஎல்டி. ஆனா அத ஆயுசு முழுக்க விடாம போடணும், 30ல 2 விட்டாலே மாத்திரை போட்ட கணக்கு 95 பர்சென்ட்டுக்கு கீழ போயிரும்.

டப்பாவ கொட்டி மிச்ச மாத்திரைய எண்ணுவோம். ஒரு அண்ணனுக்கு மாசாமாசம் கணக்கு அச்சு பெசகாம இருக்கும், ஆனா ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பாக்கற வைரல் லோடு ரிசல்ட் 1000த்துக்கு ரொம்ப மேல, மருந்து சரியா போய் சேரலன்னு அர்த்தம். தனியா உக்கார வச்சு மெதுவா கேட்டப்பதான் அழுதாரு, நைட் ஷிஃப்ட், ரூம்ல நாலு பேரு, டப்பாவ வெளிய எடுக்கவே முடியல, இங்க வர்றதுக்கு முந்தின நாள் மிச்சத்த கொட்டிட்டு வந்திருக்காரு, நாம திட்டுவோம்னு பயம். அவர திட்டியிருந்தா அடுத்த மாசம் வந்திருக்கவே மாட்டாரு. வேற சாதா டப்பாவுல மாத்தி போட்டு வேலைக்கு எடுத்துட்டு போங்கண்ணேன்னேன், ஆறு மாசத்துல ரிசல்ட் நல்லா எறங்கிருச்சு.

எனக்கு மனசு கேக்காதது எல்எஃப்யூங்கற மூணு எழுத்துதான், லாஸ்ட் டு ஃபாலோ அப், தொடர்பு விட்டுப்போன ஆளுன்னு அர்த்தம். மூணு மாசமா ஆள் வரல, போனும் இல்லன்னா சென்டர்ல நாம வச்சிருக்கற அவரோட வெள்ளை கார்டுல அத எழுதிருவோம், பாக்கறவங்க மருந்த விட்டுட்டாருன்னு நெனப்பாங்க. அதுல சிலர் எறந்தே போயிருப்பாங்க, வீட்ல நமக்கு சொல்லியிருக்க மாட்டாங்க. சிலர் பயத்துல தப்பான அட்ரஸ் குடுத்திருப்பாங்க. இன்னும் சிலர் வேலைக்கு போன ஊர்ல, ட்ரான்ஸ்ஃபர் பேப்பர் இல்லாம, புது பேஷண்ட்டாவே சேந்து ஒழுங்கா மாத்திரை போட்டுட்டு இருப்பாங்க. நாம தொலைச்ச ஆளு இன்னொரு லிஸ்ட்ல புதுசா மொளைச்சிருப்பாரு, ரெண்டு பக்கமும் கணக்கு தப்பு. தேடிப் பாக்காம இது எதுவும் தெரியாது.

போன மாசம் ரெண்டு வருஷமா எல்எஃப்யூல கெடந்த ஒருத்தரோட பழைய நம்பர் திடீர்னு ரிங் போச்சு. "திருப்பூர்லயே வாங்கிக்கறேன் மேடம், உங்ககிட்ட சொல்லணும்னு தெரியாது, கோச்சுக்காதீங்க"ன்னாரு. பேஷண்ட் கையில இருக்கற பச்சை புக்க போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு மாசம் கூட விடாம சீல். அந்த சென்டருக்கு போன் பண்ணி கேட்டுட்டு, கார்டுல மூணு எழுத்தையும் அடிச்சு தேதி போட்டு கையெழுத்து வச்சேன். எல்எஃப்யூ கட்டுல இன்னும் 11 கார்டு இருக்கு.