73939133: வெட்ட வெட்டப் பகா எண்

73939133 என்ற எண்ணின் கடைசி இலக்கத்தை நீக்கினால் 7393913 கிடைக்கும். அப்படியே வலப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாக நீக்கிக்கொண்டே போனால் 739391, 73939, 7393, 739, 73, 7 என்று வரும். இந்த எட்டு எண்களும் பகா எண்கள். இத்தகைய எண்கள் மொத்தம் 83 மட்டுமே உள்ளன; அவற்றுள் மிகப் பெரியது 73939133. பத்தடிமான முறையில், அதாவது 0 முதல் 9 வரையிலான பத்து இலக்கங்களைக் கொண்டு எழுதுவதால் மட்டுமே தோன்றும் பண்பு இது என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். அது ஓரளவு நியாயம்தான் என்றாலும், இலக்கங்களின் அமைப்பை ஆராய்ந்தால் ஒதுக்க மனம் வராது.

முதல் இலக்கம் 2, 3, 5, 7 ஆகியவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும். அதன் பின் 1, 3, 7, 9 மட்டுமே வரலாம் என்பது வெளிப்படை. அதற்கும் மேல் ஒரு கட்டுப்பாட்டை 3 விதிக்கிறது. ஓர் எண்ணை 3-ஆல் வகுத்தால் வரும் மீதியே அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையை வகுத்தாலும் வரும் என்பதால், கடைசியில் 3 அல்லது 9 சேர்த்தால் மீதி மாறாது. 1 அல்லது 7 சேர்த்தால் மீதி ஒன்று கூடும். 7-இல் தொடங்கும்போது மீதி 1. ஒருமுறை கூடினால் 2. மறுமுறை கூடினால் அந்த எண் 3-ஆல் வகுபட்டுவிடும். ஆகவேதான் 73939133-இல் முதல் இலக்கத்துக்குப் பின் ஒரே ஒரு 1 இருக்கிறது. மற்றவையெல்லாம் 3-உம் 9-உம். 2 அல்லது 5-இல் தொடங்கினால் அந்த ஒருமுறைக்கும் இடமில்லை: 23399339, 29399999, 59393339 ஆகியவற்றைப் பாருங்கள். எட்டு இலக்கங்களில் எஞ்சியுள்ள 37337999 மட்டும் 3-இல் தொடங்குவதால், அடுத்து உடனடியாக 1 அல்லது 7 வந்தே ஆக வேண்டும்; அதன் பிறகு இன்னொன்றும் வரலாம். அதில் இரண்டு 7-கள் இருப்பதன் காரணம் இதுவே.

இந்தத் தேடல் ஏன் முடிவுக்கு வருகிறது? எண்கள் பெருகப் பெருகப் பகா எண்களுக்கு இடையிலான சராசரி இடைவெளியும் பெருகுகிறது. ஏறத்தாழ 22,000-ஐ ஒட்டி அது 10 ஆகிவிடுகிறது. ஓர் எண்ணின் வலப்புறம் ஓர் இலக்கத்தைச் சேர்ப்பது அடுத்தடுத்த பத்து எண்களில் பகா எண் தேடுவதற்குச் சமம் என்பதால், அதற்கு மேல் ஒவ்வோர் எண்ணுக்கும் சராசரியாக ஒரு வாரிசுகூடத் தேறாது. ஐந்து இலக்கங்களில் 15 இருந்தவை பிறகு 12, 8, 5 என்று தேய்கின்றன. ஒன்பது இலக்கங்களில் ஒன்றுமில்லை.

73939133-ஐயே நீட்டிப் பார்க்கலாம். 1 அல்லது 7 சேர்த்தால் 3-ஆல் வகுபடும். 3 சேர்த்தால் வரும் 739391333, சிறிய பகா எண்களுக்கெல்லாம் பிடிகொடுக்காமல் போய், கடைசியில் 127 × 5821979 என்று உடைகிறது. 9 சேர்த்தால் வரும் 739391339 இன்னும் பிடிவாதமானது; அதை 127-உம் வகுக்காது, ஆனாலும் அதுவும் பகு எண்தான்.