பினாங்கில் பிள்ளைகளோடு ஒரு கோடை விடுமுறை

நேற்று இரவுதான் சென்னை வந்து இறங்கினோம். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. ஆனால் எங்கள் குடியிருப்பில் பாதி அம்மாக்கள் "லீவுக்குப் புள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டுக்கொண்டிருப்பதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன். மலேசியாவில் இருக்கும் பினாங்குக்குப் போங்கள். போன இடத்தில், நுழைவுச்சீட்டு விற்கும் கதவாகத் தேடி ஓடாதீர்கள். எங்கள் பிள்ளைகள் மிகவும் சந்தோஷமாக இருந்த இடங்களில் பாதிக்கு நாங்கள் ஒரு காசும் கொடுக்கவில்லை.

அக்கா கல்யாணமாகி, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் இருக்கிறாள். தங்கும் செலவு இல்லை என்பதால்தான் இந்தப் பயணமே சாத்தியமாயிற்று. என் மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு ஏழு, அக்கா மகனுக்கு ஒன்பது. அங்கேயும் பள்ளி விடுமுறை. நம் ஊர்க் கத்திரி வெயிலுக்குத் தப்பிப் போகிறோம் என்று நினைத்துப் போகாதீர்கள், அங்கேயும் வெயில் வெயில்தான். சாயங்காலம் திடீரென்று ஒரு மழை கொட்டும் என்பது மட்டும் ஆறுதல்.

எந்த இடத்துக்கு எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் ஃபெரியைச் சொல்லாமல் எதைத் தொடங்குவது? பட்டர்வொர்த்திலிருந்து தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுன் நகருக்குக் கடலைக் கடக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் பெரிய விளையாட்டு. 2023-இல் புதுப் படகுகள் வந்துவிட்டன. கார் ஏற்றுவதில்லை, ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும்தான். ஒரு பக்கம் சரக்குக் கப்பல்கள், தெற்கே பார்த்தால் 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலம். ஆளுக்குச் சில வெள்ளி (மலேசிய ரிங்கிட்), அவ்வளவுதான். இறங்கியதும் மகன் "இன்னொரு தடவை போலாம்மா" என்றான். போனோம். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள், அப்புறம் அவளும் வந்தாள்.

இப்போது எரிச்சல். ஜார்ஜ் டவுனில் விதவிதமாகப் படம் எடுத்துக்கொள்ளும் கூடங்கள் நிறைய. அப்படி ஒன்றுக்குப் பெரியவர் இருவர், பிள்ளைகள் மூவர் என்று சீட்டு வாங்கி உள்ளே போனோம். பணியாளர் நம் போனை வாங்கிக்கொள்கிறார். "கைய தூக்குங்க, வாயைத் திறங்க, அடுத்து" என்று தள்ளிக்கொண்டே போகிறார். பிள்ளைகளுக்கு எதையும் தொடக்கூட நேரமில்லை. அரை மணிக்குள் வெளியே நிற்கிறோம். கொடுத்த காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. போனில் ஐம்பது படம் இருக்கிறது, ஒன்றில்கூட என் பிள்ளைகள் தாங்களாகச் சிரிக்கவில்லை. இந்த மாதிரி இடம் வேண்டவே வேண்டாம்.

அதற்கு நாலு தெரு தள்ளி, இலவசமாக, சுவரோவியங்கள். லிதுவேனியாக்காரர் எர்னஸ்ட் சகரேவிச் 2012-இல் வரைந்தவை. ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் அக்காவும் தம்பியும்: பிள்ளைகள் ஓவியம், சைக்கிள் நிஜம், சுவரில் பொருத்தியிருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் நிஜ மோட்டார் சைக்கிளின் மேல் வரைந்த பையன். மகள் கையில் காகித வரைபடத்தைக் கொடுத்து, "இன்னைக்கு நீதான் வழிகாட்டி, நாங்க உன் பின்னாடி வர்றோம்" என்றேன். அதோடு அவள் நடையே மாறிவிட்டது. பையன்களுக்கு வேறு வேலை: இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள் தெருத் தெருவாக ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன, எண்ணிக்கொண்டு வரவேண்டும். ஒவ்வொன்றும் அந்தத் தெருவின் பழைய கதையைச் சொல்லும். செருப்பு வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் பழகிய இடத்தைக் காட்டும் சித்திரத்தின் முன் மகள் வெகுநேரம் நின்றாள். கால் வலிக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. வலித்தால் நகருக்குள் சுற்றும் இலவசப் பேருந்து இருக்கவே இருக்கிறது.

காசு கொடுத்தும் மனம் நிறைந்த இடம் தெலுக் பஹாங் என்ற ஊரில் இருக்கும் எண்டோபியா. 1986-இல் பட்டாம்பூச்சிப் பண்ணையாகத் தொடங்கியது. உள்ளே நுழைந்ததும் தோளில், தலையில், கைப்பையில் என்று வந்து உட்காருகின்றன. அக்கா மகன் சிவப்புச் சட்டை போட்டிருந்தான். அதில் பட்டாம்பூச்சிகள் வந்து உட்கார, அவன் மூச்சுகூட விடாமல் நின்ற நிற்பை நான் வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. அங்கே யாரும் நம்மைத் தள்ளுவதில்லை, வேண்டிய நேரம் இருக்கலாம். பக்கத்திலேயே எஸ்கேப் பூங்கா. 1,111 மீட்டர் நீளத் தண்ணீர்ச் சறுக்கு, கின்னஸ் சாதனை என்று மகள் எங்கிருந்தோ படித்து வைத்திருந்தாள். கட்டணத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். காலையிலிருந்து சாயங்காலம்வரை அங்கேயே இருப்பதென்றால் மட்டும் போங்கள், இடையில் நுழைந்தால் நஷ்டம்.

தெலுக் பஹாங் போவதற்கு 101 எண் பேருந்து, கடலோரமாகவே போகும். சில்லறை சரியாக வைத்திருங்கள், மீதி தரமாட்டார்கள். வளைவுகள் அதிகம், வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் வெறும் வயிற்றில் ஏற்றாதீர்கள். திரும்பும்போது மழை. ஒதுங்கி நின்ற எங்களிடம் ஒரு டாக்சிக்காரர் சொன்ன தொகையைக் கேட்டு அக்கா பொரிந்து தள்ளிவிட்டாள். "நனைஞ்ச புள்ளைங்களப் பாத்தா மனசு இரங்கணும், விலை ஏறக்கூடாதுண்ணே!" அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மழை விட்டதும் கிராப் செயலியில் கார் பிடித்தோம், அவர் கேட்டதில் பாதிகூட ஆகவில்லை.

கொடிமலை (பினாங்கு ஹில்) ரயில் 1923-லிருந்து ஓடுகிறது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல், வரிசையும் நீளம். விடியற்காலையில் போனால் பிழைத்தீர்கள். மேலே முருகன் கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்தில் பக்கத்தில். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட குரங்குகள் மரத்தில் உட்கார்ந்து நம்மையே பார்க்கும்.

எனக்கு அதைவிடத் தண்ணீர்மலைதான். பாலதண்டாயுதபாணி கோயில், 2012-இல் கும்பாபிஷேகம் கண்டது. 513 படி. மகன் ஏறமாட்டான் என்று எல்லாரும் சொன்னார்கள். "எண்ணிக்கிட்டே ஏறலாமா?" என்றேன். மூவரும் உரக்க எண்ணத் தொடங்கினார்கள், இருநூறில் சண்டை, முந்நூறில் சமாதானம். பாதியில் தூணோரம் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா, "அவசரமில்ல தம்பி, முருகன் எங்கேயும் போகமாட்டாரு" என்று சொல்லித் தைப்பூசத்துக்கு வரும் வெள்ளி ரதத்தின் கதையை ஆரம்பித்தார். 1894-இல் காரைக்குடியில் செய்து கப்பலில் வந்த ரதம். பிள்ளைகள் அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மேலே போனதும் ஜார்ஜ் டவுனும் கடலும் ஒரே பார்வையில். மகன் இரண்டு கையையும் தூக்கி "முருகா!" என்று கத்தினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலை ஏழுக்குள் ஏறிவிடுங்கள், கையில் தின்பண்டம் வேண்டாம், குரங்கு பிடுங்கிவிடும். இறங்கியதும் 1884-இல் அமைத்த தாவரவியல் பூங்கா பக்கத்திலேயே. ஓட இடம் வேண்டுமா, அங்கே விட்டுவிடுங்கள்.

சாப்பாடு. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில், நம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வீசும் அண்ணன், ராமநாதபுரம் பக்கமாம். மாவை மேலே வீசி வீசித் துணி மாதிரி மெல்லிசாக்குவதை மகன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். "வாடா தம்பி, நீ ஒண்ணு போடு" என்று ஒரு உருண்டை மாவைக் கையில் கொடுத்துவிட்டார். கிழிந்துதான் போனது. அதையும் சுட்டுத் தட்டில் வைத்து, மீன் குழம்பு ஊற்றிக் கொடுத்தார். பையன் கடைசித் துணுக்குவரை துடைத்துச் சாப்பிட்டான். ஐந்து பேருக்கு ரொட்டி, மைலோ ஐஸ், எங்களுக்குத் தே தாரிக் என்ற ஆற்றிய பால் டீ எல்லாம் சேர்த்து அந்தப் படக் கூடத்தின் ஒரு சீட்டு விலைக்குள் அடங்கிவிட்டது. மறுநாளும் அங்கேயே போனோம். அதற்கடுத்த நாளும் பையன் வேறு கடைக்கு வரமாட்டேன் என்றான்.

பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை எங்கேயும் அலையாதீர்கள். வீட்டுக்கோ அறைக்கோ போய்ப் பாய் விரித்துத் தாயம் ஆடவிடுங்கள். நம் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் மலேசிய வருகை அட்டையை, இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள், அரசு இணையத்தளத்திலேயே நிரப்புங்கள், பிள்ளைகளுக்கும் சேர்த்து. அது இலவசம், நிரப்பித் தருகிறேன் என்று பணம் கேட்கும் தளங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.