மகளை இதய ஆய்வில் சேர்த்த அனுபவம்

ஒப்புதல் படிவம் பல பக்கம் இருந்தது. அதில் நான் முதலில் தேடியது ஒரே ஒரு விஷயத்தை: பரிசோதனையில் ஏதாவது சரியில்லை என்று தெரிந்தால் எங்களிடம் சொல்வார்களா? குழந்தைகளின் இதய நோய் அபாயம் பற்றிய நீண்டகால ஆய்வு அது. பத்து வயது மகளைச் சேர்க்க விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். என் அப்பாவுக்கு ஐம்பது வயதுக்குள் மாரடைப்பு வந்ததால் எனக்கும் ஆர்வம் இருந்தது.

ரத்த அழுத்தமோ கொழுப்போ வரம்பைத் தாண்டினால் கடிதம் வரும், ஸ்கேன் அளவுகளைத் தர மாட்டோம் என்று போட்டிருந்தது. ஏன் என்று ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். "அந்த அளவை வெச்சு ஒரு குழந்தைக்கு நோய் இருக்கு, இல்லைன்னு சொல்ல முடியாது சார். நிறைய பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தாதான் அதுக்கு அர்த்தம்" என்றார். மழுப்பாமல் சொன்னது பிடித்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மகளுக்கும் எளிய நடையில் தனியாக ஒரு படிவம் தந்தார்கள். அவள் வேண்டாம் என்றால் என் கையெழுத்து செல்லாது. எத்தனை ஊசி என்று கேட்டாள், ஒன்றுதான் என்றார்கள். நடுவில் பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். எப்போது வேண்டுமானாலும் என்றார்கள். அதற்கப்புறம்தான் பெயரை எழுதினாள்.

இந்த வயதில் இதயத்தைப் பார்க்க என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களைப் பரிசோதித்த மருத்துவர்கள் 1953-இல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். வீரர்களின் சராசரி வயது 22. முக்கால்வாசிப் பேருக்கு இதயத் தமனிகளில் நோயின் தடயம் இருந்தது. இருபத்திரண்டில் தெரிகிறது என்றால் அது எப்போது தொடங்கியிருக்கும்? அமெரிக்கா, பின்லாந்து, ஆஸ்திரேலியா நாடுகளில் சிறுவயதிலிருந்து பின்தொடரப்பட்ட சுமார் 38,000 பேரின் தகவல்கள் 2022-இல் வெளியாயின. சின்ன வயதில் உடல் எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவை கூடுதலாக இருந்தவர்களுக்கு நடுவயதில் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்திருந்தன. இதைச் சொன்னதும் வீட்டில் வாயை மூடிக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான். இல்லை, "பிள்ளையைப் போய் பயமுறுத்தாதே" என்றார்கள்.

பரிசோதனை நாளில் வெறும் வயிற்றில் போக வேண்டும். ரத்தம் எடுப்பதை நினைத்துத்தான் பயந்தேன். மரத்துப்போகும் க்ரீம் தடவியதால் அது சட்டென்று முடிந்தது. நேரம் பிடித்தது பிபி பார்க்கத்தான். முதலில் கையின் சுற்றளவை அளந்து அதற்கேற்ற பட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். பட்டை சின்னதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டிவிடுமாம். அப்புறம் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். என் மகளிடம் அதைக் கேட்பது பெரிய விஷயம். அளவும் ஒரு தடவையோடு முடியவில்லை. திரும்பத் திரும்ப எடுத்ததில் முதல் எண்தான் அதிகம், போகப் போக இறங்கியது. அது சரியான அளவா என்று கேட்டால் நர்ஸிடம் ஒற்றை எண் பதிலாக வரவில்லை. வயது, பாலினம், உயரம் மூன்றையும் அட்டவணையில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஒரே வயதுள்ள இரண்டு பிள்ளைகளுக்கு வரம்பு வேறு வேறாக இருக்கலாம்.

அடுத்து கழுத்துத் தமனிச் சுவரின் தடிமனை ஸ்கேனில் அளந்தார்கள். அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும் விஷயம் அது. கடினமானது அதற்கு அடுத்தது. முன்கையில் பட்டையைக் கட்டி ரத்த ஓட்டத்தை ஐந்து நிமிடம் நிறுத்திவைத்து, பிறகு சட்டென்று விடுகிறார்கள். பாயும் ரத்தத்துக்கு ஏற்ப மேற்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்பதைப் பார்த்தால் ரத்தக்குழாயின் உள்சுவர் நன்றாக வேலை செய்கிறதா என்று தெரியுமாம். கை மரத்து, விரல் குறுகுறுக்கிறது, ஆனால் அசையக் கூடாது. மூன்றாவது நிமிடத்தில் கண்ணில் நீர் முட்டியது. நிறுத்தவா என்று நர்ஸ் உண்மையாகவே கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். இந்தச் சோதனை வலிக்காது என்று படிவத்தில் எழுதியிருந்தவர் அதைத் தன் கையில் செய்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

அசைவைப் பதிவுசெய்யும் ஒரு கருவியை இடுப்பில் கட்டி அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தோம்.

சில வாரங்களில் கடிதம் வந்தது. கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல், 138. பிள்ளைகளுக்கு 110-க்குக் கீழே இருந்தால் நல்லது, 130-ஐத் தொட்டால் அதிகம். "இது நோயறிதல் அல்ல, உங்கள் மருத்துவரை அணுகவும்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். யாரிடம் பேசலாம் என்று ஒரு தொலைபேசி எண்கூட இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பெற்றோர் கையில் இந்த மாதிரிக் கடிதம் கிடைத்தால் சனி, ஞாயிறு எப்படிப் போகும் என்று யோசித்திருக்கலாம்.

குழந்தை மருத்துவர் பதற்றப்படவில்லை. மறுபடி எடுத்ததில் 132 வந்தது. தைராய்டு சரியாக இருந்தது. மாத்திரை பற்றிய யோசனை 190-க்கு மேல், குடும்பத்தில் இளவயது இதய நோய் இருந்தால் 160-க்கு மேல்தான் என்றார். இவளுக்குச் சாப்பாட்டையும் விளையாட்டையும் கவனித்தால் போதும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க ரிப்போர்ட் எங்கே?" என்றார்.

என்னிடம் இல்லை. எடுத்தேன், 194. மரபுவழி வரும் கொழுப்புக் கோளாறாக இருக்கலாம், சுமார் 250 பேரில் ஒருவருக்கு உண்டு என்றார் எனக்குப் பார்த்த மருத்துவர். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பாம். மகளின் அளவு அந்தப் பக்கம் போகவில்லை. எனக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஆரம்பித்தாயிற்று. என் தம்பியையும் அவன் பிள்ளைகளையும் ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தம்பி இன்னும் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.