பெட்போர்ட் லொறி மீண்டும் வீதிக்கு வந்தது: பிறேக்கும் பதிவுப் புத்தகமும் படுத்திய பாடு

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையின் பின்வளவில் ஆண்டுக்கணக்காக நின்றுபோயிருந்த பெட்போர்ட் ஜே வகை லொறிக்குச் சென்ற வாரம்தான் வருமான அனுமதிப்பத்திரம் கிடைத்தது. பழைய எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் வர்ணம் பூசவும் தெரிந்தவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னை உண்மையில் அலைய வைத்தவை வேறு விடயங்கள். அவற்றைப் பற்றி எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ஏறாவூரிலும் இன்னும் பல ஆலைகளில் இப்படியான லொறிகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து ஓட வைக்க எண்ணுபவர்கள் நான் பட்ட பாட்டைப் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1958இல் வெளிவந்த, மூக்கு நீண்ட வகை இது. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். 300 கன அங்குலம், அதாவது 4.9 லீற்றர். வாங்கப் போகும்போது எஞ்சின் திரும்புகிறதா என்பதையே எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் பார்த்தவரையில் முதலில் பார்க்க வேண்டியது சேஸியை. எங்கள் லொறியின் பின் அச்சு மூடும் அளவுக்கு உமி குவிந்திருந்தது. உமி மழையீரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயில் காலத்திலும் உள்ளே காயாது. மேலே தெரிந்த இரும்பு ஓரளவு நல்ல நிலையில் இருக்க, உமிக்குள் புதைந்திருந்த வில்லுப்பட்டைகளும் பிறேக் குழாய்களும் தொட்டால் உதிரும் அளவுக்கு அரித்துப் போயிருந்தன. ஆலை வளவில் நிற்கும் லொறியை விலை பேசப் போகிறவர்கள் மண்வெட்டியும் சிறு சுத்தியலும் கொண்டு போங்கள். உமியை அகற்றி, சேஸிச் சட்டத்தை அடிக்கு அடி தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த இடம் பொத்தென்று கேட்கும். அந்த ஒலி வில்லுப்பட்டை பூட்டியிருக்கும் இடங்களுக்கு அருகில் கேட்டால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

எஞ்சின் அதிகம் வதைக்கவில்லை. இன்ஜெக்டர்களைக் கழற்றி, டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டுக் கையால் திருப்பியபோது அசைந்து கொடுத்தது. டீசல் பம்பைத் திருத்தி எடுத்து, குழாய்களில் நின்ற காற்றை வெளியேற்றியதும் ஓடத் தொடங்கியது.

பிறேக்தான் எங்கள் பொறுமையைச் சோதித்தது. சாய்ந்தமருதில் கராஜ் வைத்திருக்கும் மூத்த காக்கா ஒருவர்தான் தொடக்கத்திலிருந்து துணை நின்றார். எஞ்சின் ஓடிய மகிழ்ச்சியில் நான் நின்றபோது, “எஞ்சின் ஓடாட்டி லொறி நிக்கும், தம்பி. பிறேக் பிடிக்காட்டி நிக்காது. முதல்ல அதைக் கழட்டு” என்றார். கழற்றிப் பார்த்ததில், முன்பு ஓட்டிய யாரோ பிறேக் எண்ணெய்க்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயை ஊற்றியிருப்பது தெரிந்தது. இந்தப் பிறேக்குகளின் இறப்பர், கிளைக்கோல் வகைப் பிறேக் எண்ணெய்க்காகச் செய்யப்பட்டது. கனிம எண்ணெய் பட்டால் ஊதிப் பருத்துவிடும். வெளியே எடுத்த இறப்பர் வோஷர்கள் ஒவ்வொன்றும் விளிம்பு தடித்து, விரலால் அழுத்தினால் களியைப் போல அமுங்கின. அப்படியான நிலையில் வோஷரை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. மாஸ்டர் சிலிண்டர் முதல் சில்லுகளில் உள்ள சிலிண்டர்கள் வரை எல்லா இறப்பரையும், நெகிழும் குழாய்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரும்புக் குழாய்களை மெதிலேற்றட் ஸ்பிரிட் கொண்டு கழுவ வேண்டும். பெற்றோலோ மண்ணெண்ணெயோ கூடாது, அவையும் இறப்பரைக் கெடுப்பவையே.

சில்லுச் சிலிண்டர்களின் உள்விட்டத்தை வெர்னியர் கொண்டு அளந்தோம்: 1.375 அங்குலம், அதாவது 34.9 மில்லிமீற்றர். கொழும்பு பஞ்சிகாவத்தையில் உள்ள ஒரு கடைக்குத் தொலைபேசியில் இந்த அளவைச் சொல்லி இறப்பர் வோஷர்களைக் கேட்டு, அதே அளவுதான் என்று உறுதியும் வாங்கிய பிறகே பணம் அனுப்பினேன். பஸ்ஸில் வந்த பொதியைப் பிரித்து அளந்தால் ஒவ்வொன்றும் 36 மில்லிமீற்றர். கேட்டதற்கு, எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள், போட்டால் இருந்துவிடும் என்ற பதில்தான் வந்தது. திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். அது இருந்துவிடாது என்பதை உறுதி செய்ய, ஒரே ஒரு சிலிண்டரை மேசையில் வைத்துப் பூட்டிப் பார்த்தோம். பிஸ்டன் மிகுந்த பலத்தோடு அழுத்தினால்தான் உள்ளே போனது. போனது திரும்பி வரவில்லை. லொறியில் அதன் பொருள் என்னவென்றால், மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பிறேக் லைனிங் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும், டிரம் கொதிக்கும், கடைசியில் மிகத் தேவையான இறக்கத்தில் பிறேக் பிடிக்காமல் போகும்.

இங்கே இன்னொரு ஆபத்தான யோசனையும் வந்தது. லேத் பட்டறையில் ஒருவர், வோஷர் பெரிதென்றால் சிலிண்டரைக் கடைந்து 36 ஆக்கிவிடலாம், சிலிண்டர் வாங்கும் செலவு மிச்சம் என்றார். காக்கா உடனே மறுத்தார். சிலிண்டரின் சுவர் மெலிந்துவிடும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பிறேக்கின் பலம் பிஸ்டனின் பரப்பைப் பொறுத்தது என்பதுதான். ஒரு சில்லில் 34.9, மறு சில்லில் 36 என்றிருந்தால் பெரியது ஏறத்தாழ 6 வீதம் கூடுதலாகப் பிடிக்கும். மழை நேரத்தில் நெல் ஏற்றிய லொறி ஒரு பக்கம் இழுத்துச் செல்ல அது போதும். அரித்துப் போன சிலிண்டர்களுக்குத் துருப்பிடிக்காத உருக்கில் உட்குழாய் இறக்கி, பழைய அளவுக்கே கடைந்து எடுத்தோம். செலவு கூடத்தான், ஆனால் நான்கு சில்லும் ஒரே அளவுக்கு வந்தன.

சரியான வோஷர்கள் பாகிஸ்தானில் செய்யப்பட்டவையாகக் கிடைத்தன. இது பலருக்குத் தெரியாத செய்தி. ஜெனரல் மோட்டர்ஸ் 1986இல் இங்கிலாந்தில் பெட்போர்ட் லொறித் தொழிலைக் கைவிட்டுவிட்டாலும், பாகிஸ்தானின் வீதிகளில் பெட்போர்ட்டுகள் இன்றும் பாரம் இழுக்கின்றன. அதனால் அங்கே உதிரிப்பாகம் செய்வது நின்றுவிடவில்லை. கொழும்பில் விசாரிக்கும்போது “பெட்போர்ட் சாமான்” என்று பொதுவாகக் கேட்காமல், பாகிஸ்தான் இறக்குமதி இருக்கிறதா என்று கேளுங்கள். எதுவானாலும் கையில் வாங்கியதும் அளந்து பாருங்கள். அளவைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

மிதியை அழுத்தும் பலத்தைக் கூட்டித் தரும் வெக்குவம் பூஸ்டர் வேலை செய்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு மிதியைப் பல முறை அழுத்தி, உள்ளே மிஞ்சிய வெக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். பிறகு மிதியை அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினை இயக்குங்கள். மிதி தானாகச் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. இறங்காவிட்டால் பூஸ்டரைப் பிரிக்கும் முன் வெக்குவம் பம்பையும் குழாயையும் பாருங்கள். எங்கள் லொறியில் ஒரு குழாயின் உட்சுவர் உரிந்து அடைத்திருந்தது. அதை மாற்றியதோடு வேலை முடிந்தது.

சில்லு விடயத்தில் வந்த இழப்பை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. அக்காலத்துப் பிரித்தானிய லொறிகளில் இடப்பக்கச் சில்லுகளின் நட்டுகள் இடப்புரி. வலப்பக்கத்துக்கு எதிர்த் திசையில் கழற்ற வேண்டும். போல்ட்டின் முனையில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கும். டயர் மாற்றப் போன இடத்தில் இதைச் சொன்னேன், எழுத்தைத் துடைத்தும் காட்டினேன். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொண்டே அங்கிருந்தவர் காற்றுத் துப்பாக்கியை வைத்து அழுத்தினார். நான் தடுப்பதற்குள் போல்ட்டுகள் முறிந்துவிட்டன. புதியவை எங்கும் இல்லை. லேத்தில் சாதாரண இரும்பில் கடைந்து தருகிறோம் என்று பலர் முன்வந்தார்கள். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். சில்லைத் தாங்கும் போல்ட்டுக்கு உயர் வலிமை உருக்கு வேண்டும். சாதாரண இரும்பு பாரத்தில் நீண்டு, பிறகு அறுந்துவிடும். கடைசியில் ஓட்டமாவடிப் பக்கம் உடைக்கப்பட்ட ஒரு பெட்போர்ட்டின் ஹப்பிலிருந்து நல்ல போல்ட்டுகளைக் கழற்றி எடுத்தோம். இப்போது எங்கள் லொறியின் இடப்பக்கச் சில்லுகளில் எந்தத் திசையில் கழற்ற வேண்டும் என்று அம்புக்குறி வரைந்து, தமிழிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

அதே டயர்க் கடை விடயத்தில் இன்னொரு எச்சரிக்கை. இந்த றிம்கள் ஒரே துண்டு அல்ல. டயரைப் பிடித்து வைப்பது ஒரு வளையம். துருப்பிடித்த வளையம் சரியாக உட்காராமல் இருக்கும்போது காற்றடித்தால், அது பறந்து வந்து ஆளைக் கொன்றுவிடும். கழற்றும் முன் வால்வை எடுத்துக் காற்று முழுவதையும் இறக்குங்கள். அடிக்கும்போது இரும்புக் கூட்டுக்குள் வைத்தோ, குறைந்தது கனமான சங்கிலியை றிம்மைச் சுற்றிப் பூட்டியோ அடிக்கச் சொல்லுங்கள். சிரிக்கிற கடையை விட்டு வேறு கடைக்குப் போங்கள்.

போல்ட்டுகளைப் பற்றி ஒரு வரி. இந்த லொறி முழுவதும் அங்குலப் புரி. 5/16 அங்குலத் துளைக்குள் 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டு மூன்று சுற்றுப் போகும், பிறகு இறுகும். பலத்தைப் போட்டால் புரி போய்விடும். விட்டத்தில் வேறுபாடு மிகச் சிறியது, புரியின் இடைவெளிதான் வேறு. 13 மில்லிமீற்றர் ஸ்பானர் அரை அங்குலத் தலைக்குப் பொருந்திவிடுவதால் பல பாஸ்மார் இதைக் கவனிப்பதே இல்லை.

பிறகு வந்தது பதிவுப் புத்தகம். புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் எஞ்சினில் உள்ள எண்ணும் ஒன்றல்ல என்று சொல்லி, ஓர் அலுவலகத்தில் எங்கள் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். எஞ்சின் மாற்றப்பட்டதாகக் கொண்டு அதற்குரிய ஆவணங்களைக் கொண்டுவர வேண்டும் என்றார் அங்கிருந்த எழுதுநர். இல்லாத ஆவணத்தை எங்கிருந்து கொண்டுவருவது? லொறியை வெளியே நிறுத்தியிருக்கிறேன், ஒரு முறை வந்து பாருங்கள் என்று பணிவாகக் கேட்டும் அவர் கதிரையை விட்டு எழவில்லை. அம்பாறை வீதியில் வெயிலில் திரும்பி வரும்போது இருந்த மனநிலையை எழுத விரும்பவில்லை.

கராஜில் எஞ்சின் கட்டையில் எண் பொறித்த இடத்தைத் தின்னர் கொண்டு கழுவி, அடுக்கடுக்காக இருந்த வர்ணத்தையும் கொழுப்பையும் பித்தளைத் தூரிகையால் மெதுவாக எடுத்தோம். இரும்புத் தூரிகையோ அரத்தாளோ வேண்டாம்; எண் அழிந்தால், அழித்தவர் நீங்கள்தான் என்ற குற்றச்சாட்டு வரும். சுத்தமான உலோகத்தில் வெள்ளைச் சோக்கைக் குறுக்காகத் தேய்த்துத் துடைத்ததும், பள்ளங்களில் மட்டும் சோக்கு தங்கி, எண் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. வர்ணத்துக்கு மேலே 1 என்று தெரிந்தது உண்மையில் 7. புத்தகத்தில் இருந்ததும் 7தான். அதன் மீது மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தேன். பக்கத்தில் அளவுகோலை வைத்து ஒளிப்படமும் எடுத்தேன். சேஸி எண்ணுக்கும் அப்படியே செய்தேன். அடுத்த தடவை வேறொரு உத்தியோகத்தர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, தானாகவே எழுந்து வந்து லொறியில் ஒப்பிட்டார். அன்றே கோப்பு நகர்ந்தது. பழைய லொறியோடு எந்த அலுவலகத்துக்குப் போவதாக இருந்தாலும் இந்த இரண்டு தாள்களும் உங்கள் கோப்பின் முதற்பக்கத்தில் இருக்கட்டும்.

காப்புறுதியிலும் தகுதிச் சான்றிதழிலும் சிக்கல் வரவில்லை. புகைப் பரிசோதனைக்குப் போகும் முன் எண்ணெய்த் தொட்டி வகைக் காற்று வடிகட்டியைக் கழுவிப் புது எண்ணெய் ஊற்றுங்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள். கறுப்புப் புகை பாதி அங்கேயே குறையும்.

மட்டக்களப்பும் கல்முனையும் தட்டை நிலம் என்பதால் இங்கே எவ்வளவு ஓடினாலும் பிறேக்கின் உண்மை நிலை தெரியாது. செங்கலடி–பதுளை வீதியில் மகா ஓயா, பிபிலை தாண்டி லுணுகலை வரை வெறுமையாக ஏறி, மெதுவாக இறங்கினோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு டிரம்களிலும் தண்ணீர்த் துளி தெளித்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் சுரீரென்று ஆவியானால் அந்தச் சில்லு உரசுகிறது என்று அர்த்தம். நான்கிலும் ஒரே மாதிரி மெதுவாகக் காய்ந்தபோது காக்காவின் முகத்தில் வந்த நிறைவை நான் மறக்க மாட்டேன்.

பராமரிப்பில் நான் விடாப்பிடியாக இருப்பது பிறேக் எண்ணெயில்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வாவியும் கடலும் சூழ்ந்த நம் ஊரில் அதை ஆண்டுக்கொரு முறை முழுவதும் மாற்றுவது நல்லது. திறந்து வைத்த போத்தலில் மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்காதீர்கள். கிறீஸ் அடிக்கும் இடங்களைக் கடற்கரை வீதியில் ஓடிய பிறகு தவறாமல் பாருங்கள், பழைய கிறீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள்.

இனி மிஞ்சியிருப்பது பின்னால் பாரம் ஏற்றும் மரக் கூடு. முதிரைப் பலகை போடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். மரத்தைக் கொண்டுவரப் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதால், பலகைக்கு முற்பணம் கொடுக்கும் முன்பே அதற்கு விண்ணப்பித்துவிட்டேன்; மாரி தொடங்குமுன் தளத்தை மூட வேண்டும்.