மருந்து இடியப்பம்

அக்கா ரொறன்ரோவில இருந்து வந்து இறங்கினதில இருந்து எங்கட வீட்டில ஒருத்தரும் நிம்மதியா ஒரு பேணி திறக்கேல்லை. திறக்க முதல் அவ அதை வாங்கி, திருப்பி, கண்ணாடியை நெத்தியில ஏத்திப்போட்டு, அடியில அடிச்சிருக்கிற கண்ணுக்குத் தெரியாத எழுத்தை முழுக்க வாசிக்க வேணும். அவவின்ர பெடியன், என்ர மருமோனுக்கு, சீலியாக் வருத்தம். கோதுமை, பார்லி, றை மூண்டும் ஆகாது. ஒரு துணிக்கை உள்ளுக்குப் போனாலும் உடம்பு தன்ர குடலையே எதிரியெண்டு நினைச்சு அடிக்குமாம். குளிசை ஒண்டும் இல்லை. ஆயுசுக்கும் பத்தியம்தான்.

"கோதம்பமா தானே? சோத்தைக் குடுத்து விடு" எண்டார் அப்பா. அவருக்கு எல்லா வருத்தமும் மற்ற ஆக்களின்ர எடுப்பு. தன்ர சீனி வருத்தம் மட்டும்தான் உண்மையான வருத்தம். அதையும் மாசத்தில ஒருக்கா கிளினிக்குக்குப் போற அண்டைக்கு மட்டும்தான் ஒத்துக்கொள்ளுவார்.

ஆனால் இந்த வன்னியில கோதம்பமாவிட்ட இருந்து தப்பிறது லேசான வேலை இல்லை. பாண், றொட்டி, கொத்து, றோல்ஸை விடுங்கோ. எங்கட ஆக்கள் தோசைக்கே உழுந்தோட கோதம்பமாவைக் கரைக்கிற ஆக்கள். கடை இடியப்பத்தில என்ன மா எண்டு கேட்டா "அரிசிமாதான்" எண்டுவினம், "கொஞ்சம் மற்றதும்" எண்டதை மெதுவாச் சொல்லுவினம். கேசரி எண்டா ரவை, ரவை எண்டா கோதுமை. ஐஸ்கிறீமைக் கோனில வைச்சுக் குடுத்தா அதுவும் சரி. இதெல்லாம் தாங்கலாம். பெருங்காயப் பேணியை அக்கா வாசிச்ச அண்டைக்குத்தான் வீடு ஆடினது. பெருங்காயம் தனியப் பிசின், அந்தக் காட்டத்துக்குத் தனியப் பாவிக்கேலாது எண்டு அதுக்குள்ள அநேகமாக் கோதுமை மாவைக் கலந்துதான் கட்டியாகவும் தூளாகவும் விக்கிறாங்கள். அம்மா அடுப்படியில குந்திக்கொண்டு கேட்டா, "அப்ப நான் இவ்வளவு காலமும் ரசத்துக்கு மாவையோடி போட்டனான்?" அதுக்குப் பிறகு ரெண்டு நாள் ரசம் இல்லை. ரசத்தில அவவுக்கு இருந்த நம்பிக்கை போட்டுது.

ஆனால் ஒண்டு சொல்ல வேணும். ரொறன்ரோவில டொக்டர் ஒரு மணித்தியாலம் படம் கீறி விளங்கப்படுத்தினதை அம்மா ஒரு நிமிசத்தில பிடிச்சிட்டா. ஒரே அகப்பை ஏலாது, ஒரே எண்ணெய் ஏலாது, ஒரே துணியால துடைக்கேலாது எண்டு அக்கா தொடங்க, அம்மா கையைக் காட்டி நிப்பாட்டினா. "விளங்குது. அவனுக்கு மா மச்சம்." அவ்வளவுதான். மச்சச் சட்டி, சைவச் சட்டி எண்டு அம்பது வருசமாப் பிரிச்சு வைச்சு, மச்ச அகப்பை சைவச் சட்டியில தவறுதலா முட்டினதுக்கு அப்பாவை ஒரு கிழமை வெளியில படுக்க வைச்ச மனுசிக்கு இது புதுக்கதையோ? அண்டைக்குப் பின்னேரமே சந்தையில மூண்டாவது சட்டி ஒண்டு வாங்கினா. பேர்: அவன்ர சட்டி.

இப்ப பார்க் கதைக்கு வாறன். பெடியனுக்குத் தண்ணிச் சறுக்கு வேணுமெண்டு ஒரே கரைச்சல். எங்கட பக்கம் இப்ப பார்க்குகள் முளைச்சுக் கிடக்கு, அதில ஒண்டுக்குப் போறதெண்டு முடிவாச்சு. நல்லூர்க் கொடி ஏறின காலம். 25 நாளும் வீட்டில மச்சம் இல்லை. அம்மா வெளியில தண்ணி குடிக்கிறதெண்டாலும் யோசிப்பா. பெரியம்மாவுக்குக் கத்தரிக்காய் கிரந்தி, தயிர் குளிர், பலாப்பழம் வாய்வு. அப்பாவைச் சொல்லத் தேவையில்லை. ஹயஸ் வான் நிறைய ஆக்கள், ஒருத்தருக்கும் ஒருத்தரின்ர சாப்பாடு ஒத்துவராது. அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பி, மில்லில கண்ணுக்கு முன்னால அரைப்பிச்ச சிவப்பரிசி மாவில இடியப்பம் அவிச்சு, வாழையிலையில கட்டி, சொதியை ஹோர்லிக்ஸ் போத்தலில ஊத்தினா.

அந்தப் போத்தலைக் கண்டதும் அக்கா விசுவமடு முழுக்கக் கேக்கக் கத்தினா. ஹோர்லிக்ஸ் எண்டா கோதுமையும் பார்லியும்.

"எடியே, அந்தப் போத்தலில ஹோர்லிக்ஸ் இருந்தது நீ ஓ.எல். படிக்கேக்க!"

பிறகும் மூண்டு தரம் சுடுதண்ணியில கழுவினபிறகுதான் வான் வெளிக்கிட்டது.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுப்போட்டு கச்சான் வாங்கினம். ஓட்டோட வறுத்த கச்சான், லேபிள் இல்லை, வாசிக்க ஒண்டும் இல்லை. அக்காவின்ர கை சும்மா இருந்த ஒரே இடம் அதுதான். பெடியன் ஒரு பை முழுக்கத் தனியச் சாப்பிட்டு, ஓடுகளை என்ர சேட் பொக்கெற்றுக்குள்ள போட்டான்.

வானுக்குள்ள அக்கா இந்த வருத்தத்தின்ர வரலாறு சொன்னா. நெதர்லாந்தில டிக்கே எண்டு ஒரு பிள்ளை வைத்தியர். 1944 முடிஞ்சு 45 தொடங்கின அந்த யுத்தக் குளிருக்க பாண் இல்லாமல் சனமெல்லாம் பட்டினி கிடக்க, அவரின்ர இந்த வருத்தக்காரப் பிள்ளையள் மட்டும் தேறிச்சுதுகளாம். திரும்பப் பாண் வந்த உடன பழையபடி விழுந்துதுகளாம். மனுசன் கன காலமாவே கோதுமையில சந்தேகப்பட்டவர், அதுக்குப் பிறகு உறுதியாப் பிடிச்சார்.

பெரியம்மா, "எங்களுக்கு எதிர்மாறா எல்லோ நடந்தது" எண்டா. "யுத்தம் முடிய மெனிக்பாம் முகாமில எல்லாம் இல்லாமல் போக, மாவைத்தானே தந்தவங்கள்."

அம்மா கொஞ்ச நேரம் ஒண்டும் பேசேல்லை. பிறகு, "அங்க வயித்தை ஊதிக்கொண்டு எத்தினை பிள்ளையள் திரிஞ்சதுகள். பூச்சி எண்டு சொல்லிப் பூச்சிக் குளிசை குடுத்தம். ஆர் கண்டது" எண்டு சொல்லிப்போட்டு, மடியில இருந்த இடியப்பப் பொதியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சா. அப்பா ரேடியோவைக் கூட்டினார்.

பார்க் வாசலில செக்குரிட்டித் தம்பி பையைத் திறந்து பார்த்தார். "அம்மா, வெளிச் சாப்பாடு உள்ளுக்கு எடுக்கேலாது."

"இது சாப்பாடு இல்லையப்பன். மருந்து."

அவர் இலையை விரிச்சுப் பார்த்தார். "இடியப்பம் எல்லோ?"

"மருந்து இடியப்பம்."

அக்கா இடையில பூந்து, ஒர்லாண்டோ டிஸ்னியில வெளிச் சாப்பாடு கொண்டு போகலாம், உள்ளுக்குச் சாப்பிட இருந்தாலும் வருத்தம் எண்டு சொன்னாச் சமையல்காரரோ அதுக்குப் பழகின ஆளோ என்ன ஆகும், என்ன ஆகாதெண்டு கதைப்பினம் எண்டெல்லாம் சொன்னா. தம்பி பொறுமையாக் கேட்டுப்போட்டு, "அக்கா, இது ஒர்லாண்டோ இல்லை, ஏ9 றோட்" எண்டார். ஆனால் நல்ல பெடியன். வோக்கியில ஆரோடயோ கதைச்சு, வருத்தக்காரப் பிள்ளைக்கு மட்டும் ஒரு பொதி கொண்டு போகலாமெண்டு அனுமதி எடுத்துத் தந்தார்.

அதோட விட்டிருக்கலாம். எங்கட சனம் விடுமோ? "எனக்கும் சீனி வருத்தம்" எண்டு அப்பா கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினார். வாழ்க்கையில முதல்தரம் கிளினிக் நாள் இல்லாத ஒரு நாளில அந்த வருத்தத்தை ஒத்துக்கொண்டார். பெரியம்மா கிரந்தியில தொடங்கி வாய்வு வரைக்கும் வந்திட்டா. தம்பி எட்டி வானைப் பார்த்துப்போட்டுக் கேட்டார், "நீங்கள் ஆஸ்பத்திரியால நேர வாறியளோ?"

மத்தியானம் கன்ரீன். அம்மா நேர அடுப்படிக்குப் போட்டா. "தம்பி, இந்த எண்ணெயில வேற என்ன பொரிச்சனீங்கள்?"

"கிழங்குப் பொரியல்தான் அம்மா. றோல்ஸும் இதிலதான்."

"மீன்?"

"கட்லட் போட்டனான்."

அம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தா. "எங்கள் ரெண்டு பேருக்கும் ஏலாது." ஒரே தாச்சி, ஒருத்தருக்கு மா, ஒருத்தருக்கு மீன். அந்தத் தம்பி பாவம், சட்டியைக் கழுவிப் புதுசா ஏதும் செய்து தாறன் எண்டு நிண்டார். அம்மா அவரிட்ட ரெண்டு வாழைப்பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பேரனையும் கூட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போட்டா. நாங்கள் மற்ற எல்லாரும் மஞ்சள் சோறும் சோயா மீற் கறியும் மரக்கறியும் வாங்கி, விலையைப் பார்த்து மூச்சு விடாமல் சாப்பிட்டம். மரத்தடியில ரெண்டு பேரும் ஒரே இலையில. அவன் நனைஞ்ச காற்சட்டையோட இருந்து, "அம்மம்மா, யூ ஆர் லைக் மீ" எண்டானாம். அம்மாவுக்கு விளங்கேல்லை. "ஓமடா ராசா, வடிவாச் சாப்பிடு" எண்டு தன்ர பங்கில இருந்த இடியப்பத்தையும் அவனுக்குத் தள்ளி விட்டா. பின்னேரம் வரைக்கும் அவ ஒரு வாழைப்பழத்தோடதான் நிண்டவ எண்டு எனக்கு வீட்டுக்கு வந்துதான் தெரியும்.

அப்பாவைக் காணேல்லை எண்டு தேடினா, ஆள் கன்ரீனுக்குப் பின்பக்கமா வட்டிலப்பத்தோட. முட்டை போட்டது. சைவமும் போச்சு, சீனியும் ஏறிச்சு. அடுத்தநாள் விடியக் குத்திப் பார்க்க 290. "அந்தப் பார்க் சோறு சரியில்லை. அதுதான் நான் வெளிச் சாப்பாடு வேண்டாமெண்டு சொல்லுறனான்" எண்டு எங்களுக்குப் புத்தி சொல்லிப்போட்டு, ரஸ்க் தேடப் போனார்.

இப்ப அக்கா, வாற வருசம் அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட்டு, அங்கயிருந்து ஒர்லாண்டோவுக்கும் கூட்டிக்கொண்டு போறதெண்டு நிக்கிறா. விசா கிடைக்குமோ எண்டு அம்மா கேக்கேல்லை. பிளேனைப் பற்றியும் கேக்கேல்லை.

"இடியப்பம் உள்ளுக்கு விடுவாங்கள் எண்டனி, என்ன?"

"விடுவாங்கள் அம்மா. கண்ணாடிப் போத்தல்தான் ஏலாது."

"அப்ப சொதி?"

"குழந்தைப் பிள்ளையளின்ர சாப்பாட்டுப் போத்தல் எண்டா மட்டும் விடுவாங்கள்."

அம்மா ஒன்பது வயசுப் பேரனை மேலும் கீழும் பார்த்தா. "கேட்டா இவனைக் குழந்தை எண்டு சொல்லு."