பின்னிருக்கைக்கு மட்டும் தெரிந்த மலை

கொழும்பு–கண்டி வீதியிலுள்ள கடுகண்ணாவைக் கணவாயில் மோட்டார் சைக்கிளில் ஏறி, மலைகளை ஆற அமரப் பார்த்துவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அத்தானுக்கு அப்படி எந்த ஆசையும் இருக்கவில்லை. 'தம்பியைத் தனியே விடக்கூடாது' என்று அக்கா சொல்லிவிட்ட ஒரே காரணத்துக்காக, ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு வெள்ளவத்தையில், இரவல் தலைக்கவசத்துக்குள் தலையைத் திணித்துக்கொண்டு, மடியில் இடியப்பப் பொதியுடன் அவர் என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். காற்றில் பேச்சுக் கேட்காது என்பதால், வலப்பக்கம் பார்க்க வேண்டியது ஏதும் இருந்தால் வலத்தோளிலும் இடப்பக்கமானால் இடத்தோளிலும் தட்டுவது என்று முடிவு செய்துகொண்டோம்.

பஸ்யாலையில் வீதியோரம் கஜு விற்கும் பெண்களைக் கண்டபோது என் இரண்டு தோள்களும் ஒரே நேரத்தில் அடி வாங்கின. கேகாலை வரை வேறு தட்டல் இல்லை, கஜு தீரவில்லை.

மாவனல்லையைத் தாண்டி ஏற்றம் தொடங்கிய பிறகுதான், மலைப்பாதையில் வண்டியோட்டுபவனுக்கு மலை கிடையாது என்பது எனக்குப் புரிந்தது. முன்னால் கல் ஏற்றிய லொறி ஒன்று முனகிக்கொண்டு ஏற, அதன் பின்பலகையும் கரும்புகையும் வளைவில் முந்திவரும் தனியார் பஸ்களுமே என் காட்சிகளாயின. அத்தானோ புத்தகம் போல் தோன்றுவதால் வெள்ளைக்காரர் 'பைபிள் றொக்' என்று பெயரிட்ட பத்தலேகலவைக் கண்டு என் வலத்தோளை அறைந்தார். நான் துணிந்து திரும்புவதற்குள் வீதி வளைந்துவிட, மலை இடப்பக்கம் போயிருந்தது. உடனே இடத்தோளிலும் ஓர் அறை விழுந்தது.

நிறுத்திப் பார்ப்போம் என்று ஓரங்கட்டிய இடத்தில் ஒரு சுற்றுலா பஸ் வந்து, பள்ளத்தாக்கு முழுவதையும் மறைத்து நின்றது. அது நகர்ந்தபோது முகில் இறங்கியிருந்தது.

பாறையைக் குடைந்த பழைய வழியருகே பிளேன்டீ குடித்தபோது, அந்நியர் மலையைத் துளைத்தால்தான் கண்டி இராச்சியம் வீழும் என்ற பழைய வாக்கை அத்தான் உருக்கமாகச் சொன்னார். கண்டி 1815இலேயே வீழ்ந்துவிட்டது, இந்த வீதி 1820களில் போடப்பட்டது என்றேன். "உமக்கு மலையும் தெரியாது, கதையும் பிடிக்காது" என்றார். வீதியமைத்த கப்டன் டோசனுக்கு 1832இல் எழுப்பிய கோபுரம் ஒன்றைத்தான், அசையாமல் ஒரே பக்கம் நின்றதால், நான் முழுமையாகப் பார்த்தேன்.

வீடு திரும்பியதும், வருவதற்கே ஆசைப்படாத அதே அத்தான், பள்ளத்தாக்கு, முகில், தூரத்து மலை என்று அக்காவுக்கு ஒரு மணி நேரம் வர்ணித்தார். "அப்படியா தம்பி?" என்று அக்கா கேட்கும்போதெல்லாம் நான் "ஓம்" என்றேன். அவர் பின்னாலிருந்து எடுத்த பதினொரு படங்களிலும் நடுநாயகமாக இருப்பது என் தலைக்கவசம். ஒன்றில் மட்டும் அதன் விளிம்புக்கு மேலே பத்தலேகலவின் ஒரு மூலை தெரிகிறது. அதைத்தான் இப்போது விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.